ஸ்விட்சை ஒப்பிடுமுன் எழுத்தை எண்ணுங்கள்

பிரௌனா, கிளியரா, ஹோலி பாண்டாவா? மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்கப் புறப்படும் ஆய்வு மாணவர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்கு இது. மூன்றும் ‘டேக்டைல்’ ஸ்விட்சுகள். அழுத்தும்போது நடுவழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தட்டுப்படும். அடிவரை அழுத்தாமலே எழுத்து பதிவாகும் தறுவாயை விரல் உணர்ந்துகொள்ளும். செர்ரியின் பிரௌனில் அம்மேடு மெல்லியது. கிளியரில் வலியது, சுருள்வில்லும் கனமானது. ஹோலி பாண்டாவில் அழுத்தத் தொடங்கியவுடனே எதிர்ப்படுவது. இவ்வளவும் உண்மையே. ஆயினும் தமிழில் ஆய்வேடு எழுதுபவருக்கு இவ்வொப்பீடு அரைகுறையானது.

நாம் படிக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் ஆங்கிலத் தட்டச்சையோ கணினி விளையாட்டையோ உரைகல்லாகக் கொண்டவை. தமிழின் போக்கு வேறு. பக்கம், எட்டு, கற்றல், உள்ளம் என ஒற்று இரட்டிக்காத வரி நம் உரைநடையில் அரிது. ஒரே விரல் ஒரே விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்தியாக வேண்டும். ஆகவே மேட்டின் உயரத்தைவிட, அழுத்திய விசை எவ்விடத்தில் மறுபடியும் ஆயத்தமாகிறது என்பதே நமக்கு முதற்கேள்வி. ‘கிளிக்’ ஒலியெழுப்பும் புளூ ஸ்விட்ச், பதிவான புள்ளிக்கு நன்கு மேலே எழுந்தால்தான் மீண்டும் இயங்கும். பிரௌனில் அவ்விடைவெளி மிகச் சிறிது. மேடே இல்லை என்று எள்ளப்படும் பிரௌன், ‘க்க’ என்று அடிக்கையில் புளூவை வென்றுவிடுகிறது!

விரலுணர்வு தனித்து நின்று எதையும் சொல்வதில்லை. நான் தங்கியிருக்கும் கார்டன் ரீச்சுக்கு எதிர்க்கரையிலுள்ள தாவரவியல் தோட்டத்தில், 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓஷானசி தந்திச் சோதனை நடத்தினார். செய்தி வந்ததை அறிய விரலில் சிறு மின்னதிர்ச்சி. ஹூக்ளியின் நீரும் மின்சுற்றின் ஒரு பகுதி. அந்த அதிர்ச்சியை எழுத்தாக்கியது இருமுனையினரும் ஒப்புக்கொண்ட குறியீடு. அதுபோலவே ஸ்விட்சின் மேட்டுக்குப் பொருள் தருவது எழுத்தமைப்பு. அதைத்தான் நம் விவாதங்கள் பேசவே மறுக்கின்றன.

தமிழ்99 அமைப்பில் ‘வணக்கம்’ என்பதற்கு வ, ண, க, க, ம, புள்ளி என 6 தட்டல்கள். ககரம் இரட்டித்ததும் முதற்ககரத்திற்குப் புள்ளி தானே விழும். ஆங்கில எழுத்து வழியாக அடிப்பவருக்கோ 8 தட்டல்கள். பல மென்பொருள்களில் ணகரத்திற்கு ஷிஃப்ட் வேறு. ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து விரலின் சுமையைக் குறைக்க முனைபவர்கள், செலவின்றிக் குறையும் இச்சுமையைப் பொருட்படுத்துவதில்லை. ‘பழகிவிட்டது’ என்பது அவர்கள் மறுமொழி. புதிய ஸ்விட்சுக்கு மட்டும் பழகிக்கொள்ள முடிகிறதே!

தமிழ்99 குறையற்றது என்று வாதிடவில்லை. முறையாக விரல் பழகியவருக்கு ச, ஞ, ண, ந, ய, ழ ஆகிய ஆறும் வலச்சுண்டுவிரலில் விழுகின்றன. 18 மெய்களில் மூன்றிலொரு பங்கை இருப்பதிலேயே மெலிந்த விரல் சுமக்கிறது. இந்நிலையில் கிளியரைப் பரிந்துரைப்பவர் யாருடைய கையை எண்ணிப் பரிந்துரைக்கிறார்? அவ்வாறு விசைகளுக்கு மட்டுமேனும் இலகுவான ஸ்விட்சைப் பொருத்தலாமே. கழற்றி மாற்றும் வசதியுள்ள பலகைகள் கிடைக்கின்றன.

தனி ஸ்விட்சை விரலிடையில் அழுத்திப் பார்த்துத் தீர்ப்பு எழுதியது போதும். உங்கள் ஆய்வேட்டில் பத்துப் பக்கங்களை அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்: இரட்டிக்க வேண்டிய இடத்தில் எத்தனை முறை ஒற்றைக் ககரம் விழுந்தது, எந்தப் பக்கத்தில் சுண்டுவிரல் நோகத் தொடங்கியது என்று.