பந்தைக் கிழிப்பதா, பாதையைக் காட்டுவதா?

சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், நமக்கு நன்கு அறிமுகமான தந்தை ஒருவர் பதினாறு வயது மகனையும் ஒரு குப்பித் தண்ணீரையும் கொண்டு வந்தார். "ஹஜ்ரத், இவனுக்குப் பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. படிப்பே வேண்டாம், ஆட்டக்காரனாகப் போகிறேன் என்கிறான். தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்றார். மகனுடைய பந்துகள் இரண்டைக் கத்தியால் கிழித்துவிட்டதையும் பெருமையோடு சொல்லிக் கொண்டார்.

ஓதிக் கொடுத்தோம். ஆனால், அந்தத் தண்ணீரைப் பருக வேண்டியவர் மகனா, தந்தையா என்ற ஐயம் நமக்கு இன்னும் தீரவில்லை.

இப்பிள்ளைகளுக்குப் பந்தாசையை ஊட்டியவர் யார்? நாமேயன்றோ! காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் கோடைகாலப் போட்டி நடந்தால் மைதானத்தை நிரப்புவோர் நாம். கோப்பைக்குப் பணம் தருவோரும் நாம். வென்ற சிறுவனைத் தோளில் தூக்கி ஆர்ப்பரிப்பதும் நாம்; மறுநாள் அவனே "வாப்பா, நான் ஆடப் போகிறேன்" என்றால், "உருப்படாதவன்" என்று ஏசுவதும் நாம். இது என்ன நீதி?

வேறொரு சாராரும் உளர். மகன் நான்கு கோல் அடித்ததும் மதி மயங்கி, வெளிநாட்டுச் சங்கத்தில் சேர்த்து விடுகிறோம் என்று ஆசை காட்டுவோரிடம் மனைவியின் நகையை விற்றுக் கொடுப்போர். முன்னவர் ஆசையைக் கொல்கிறார். பின்னவர் ஆசையையே பிழைப்பு என்று நம்புகிறார். கணக்குப் பார்க்க இருவருமே தவறிவிடுகின்றனர்.

கணக்கைப் பார்ப்போம். 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில், 2024-25 பருவத்தில் ஆடியவை 13 சங்கங்கள். சங்கத்திற்கு முப்பது பேர் எனக் கொண்டாலும் 390 பேர். அவருள்ளும் ஒரு பகுதியினர் அயல்நாட்டவர். இடம் பிடித்தவர்க்கேனும் நிம்மதி உண்டா? 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது; சில சங்கங்கள் சம்பளத்தையே நிறுத்தின. முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தால் இருபத்தைந்து வயதிலேயே ஆட்டம் முடிந்து போவதும் உண்டு.

அரபு மொழியில் 'அமல்' என்று இரு சொற்கள் உள. அலிஃபில் தொடங்குவது ஆசை, எதிர்பார்ப்பு. ஐனில் தொடங்குவது செயல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நம் வீடுகளிலும் அப்படியே ஆகிவிட்டது. ஆசைக்கும் செயலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்குக் காட்டுவதே பெற்றோரின் கடமை.

அப்படியானால் பந்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுகளில் இந்திய அணியைத் தங்கம் வெல்லச் செய்த பயிற்சியாளர் ஹைதராபாத் ஸையித் அப்துர் ரஹீம், ஒரு பள்ளி ஆசிரியர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணிக்குத் தலைமை தாங்கிய தாலிமெரன் ஆவோ, கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே ஆடியவர்; பின்னர் மருத்துவராகவே பணியாற்றினார். கல்வி அவர்களின் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. ஆட்டம் ஓய்ந்த பிறகும் அவர்களைத் தாங்கி நின்றது.

மைதானத்தைச் சுற்றிலும் பிழைப்புகள் பல உள. உடற்கல்வி ஆசிரியர், உரிமம் பெற்ற பயிற்சியாளர், நடுவர், காயம்பட்ட காலைத் தேற்றும் இயன்முறை மருத்துவர் எனப் பலர் தேவை. 1920-இல் தோன்றிச் சென்னை நந்தனத்தில் இயங்கிவரும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நம் பெற்றோருள் எத்தனை பேர் அறிவர்? ரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை தருகின்றன. தமிழக அரசுப் பணிகளில் சாதனை வீரர்களுக்கென 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால், இவ்வாசல்களில் பெரும்பாலானவற்றில் முதலில் கேட்கப்படுவது படிப்புச் சான்றிதழே. படிப்பை விட்ட பிள்ளைக்கு எந்தக் கதவும் எளிதில் திறவாது.

ஆகவே அந்தத் தந்தைக்கு நாம் சொன்னது இது: "கிழித்த பந்துக்கு ஈடாக ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். உறவும் நட்பும் இல்லாத பயிற்சியாளர் ஒருவரிடம் அழைத்துச் சென்று, மகனின் திறமையை ஒளிவு மறைவின்றி மதிப்பிடச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஆட்டமும் படிப்பும் இரண்டும் நடக்கட்டும். அதற்குள் மாநில அணியை எட்டினால் மேலே செல்லட்டும். எட்டாவிட்டால், நாம் சொன்ன தொழில்களுள் ஒன்றைத் தேர்ந்து கொள்ளட்டும். இந்த உடன்படிக்கையை அவனோடு அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள்."

"ஹஜ்ரத்துக்குமா பந்துப் பைத்தியம்!" என்று முணுமுணுத்தவாறே அவர் எழுந்தார். மகனோ, வந்ததிலிருந்து முதன்முறையாகத் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தான்.

கோப்பைக்கு வாரி வழங்கும் செல்வர்களே! அடுத்த கோடையில் அத்தொகையில் பாதியைக் கொண்டு, ஓர் ஏழைப் பிள்ளையை உடற்கல்வி படிக்க வையுங்கள். கோப்பை அலமாரியில் தூசி படியும். படித்த பிள்ளை ஒரு குடும்பத்தைத் தாங்குவான்.