பூங்கா வரட்டும், பக்கத்தில் யார்?

சென்னைக் கிண்டியில், குதிரைகள் ஓடிய மண்ணில் பூங்கா அமைக்க அரசு முனைந்தது. வரட்டும், வாழ்த்துவோம்! 1945 இல், வெள்ளையன் ஆட்சியில், 160 ஏக்கர் நிலம் ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா வாடகைக்குக் கனவான்களின் பந்தயக் களியாட்டத்துக்கு எழுதித் தரப்பட்டது. அதுவும் 99 ஆண்டுகளுக்கு! 2024 இல் அரசு அக்குத்தகையை முறித்து, 118 ஏக்கரைப் பூங்காவுக்கென ஒதுக்கிற்று. வழக்கு மன்றப் படிகளையும் அந்நிலம் ஏறிற்று. நான் கேட்பது வேறு. பூங்காவின் ஓரத்தில் எழப்போவது யார் வீடு?

பூங்கா பூக்குமுன்னே பக்கத்து மனையின் விலை பூக்கும். "பலகணி திறந்தால் பசுமை" என்று விளம்பரம் வரும். பொதுப் பணத்தில் நட்ட மரத்தின் நிழலைக் கூறு போட்டு விற்பர் செல்வச் சீமான்கள்.

பெர்லினைப் பாருங்கள். அந்நகரின் நடுவே 500 ஏக்கருக்கு மேல் பரந்தது டீர்கார்ட்டன் பூங்கா. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், குளிர் தாங்காத மக்கள் மரங்களை விறகுக்கு வெட்டினர். வெட்டிய இடத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். 1949 இல் மீண்டும் கன்று நட்டனர். அதன் ஓரத்தில், 1943 இல் குண்டு வீச்சால் தரைமட்டமான ஹான்சா பகுதியை எவ்வாறு எழுப்பினர்? சிதறிக் கிடந்த மனைகளை ஒன்றாக்கினர். குரோப்பியஸ், ஆல்டோ, நீமெயர் போன்ற உலகப் புகழ் கட்டடக் கலைஞர்களை அழைத்தனர். 1957 இல் அடுக்கு வீடுகளைக் கண்காட்சியாகவே திறந்தனர். வீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மதில் இல்லை! (அங்கும் பல வீடுகள் பின்னர் தனியார் உடைமையாயின; அதை நான் மறைக்கவில்லை.)

நாம் செய்தது என்ன? 1970 இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. குடிசை நின்ற இடத்திலேயே மாடி வீடு என்பது அன்றைய எண்ணம். 2000 முதல்? கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764, பிறகு பெரும்பாக்கம். நகரைத் துடைத்தவர்களையே நகரிலிருந்து துடைத்தெறிந்தோம்! கண்ணகிக்கு நீதி கேட்க ஓர் அரசவை இருந்தது. கண்ணகி நகருக்கு?

நகருள் தங்கியோர் நிலை மட்டும் என்ன? புளியந்தோப்பில் கேசவப் பிள்ளை பூங்கா என்றொரு குடியிருப்பு, 1,920 வீடுகள். 2021 இல், விரல் பட்டதும் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே கண்டது. பெயரிலே பூங்கா, சுவரிலே மணல்!

"நகர நடுவில் நிலம் பொன், ஏழைக்குக் கட்டுமா?" என்கிறார்கள். 614 ரூபாய்க்குக் குதிரை ஓடியபோது இந்தக் கணக்கப்பிள்ளைகள் எங்கே உறங்கினர்?

நாஞ்சில் நாட்டானுக்குச் சென்னையைப் பற்றி என்ன கவலை என்பீரோ? கிண்டி வழியே வேலைக்கு ஓடுவோரில் நம் பிள்ளைகள் இல்லையா? மாலையில் நாகர்கோவில் வேப்பமூட்டுப் பூங்காவுக்குச் சென்று பாருங்கள். மாளிகைக்காரர் வருவது உடல் இளைக்க. முற்றமில்லா வீட்டார் வருவது மூச்சு விட.

160 ஏக்கரில் 118 போக எஞ்சியதில் ஒரு பகுதியையாவது அடுக்கு வீடுகளுக்கு ஒதுக்கட்டும் அரசு. விற்பனைக்கு அல்ல, வாடகைக்கு! பெரும்பாக்கத்திலிருந்து பேருந்து மாறி மாறி வந்து, அதே வட்டாரத்தில் தெருக்கூட்டிப் பாத்திரம் துலக்குவோர் முதலில் குடியேறட்டும். திறப்பு விழாவுக்கு முன், சுவரை விரலால் அழுத்திப் பார்க்கும் உரிமையும் அவர்களுக்கே!