என் ஃபண்டில் எத்தனை விழுக்காடு காப்பி?



பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பேச்சைக் கேட்டுப் பணம் போட்டவர்கள் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். தம்பி வீடு, மச்சான் வீடு, என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் இரண்டு பேர். உங்களுக்கு நான் கணக்குச் சொல்லியாக வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது, அவனுடைய நெருங்கிய உறவுக்காரர்களும் நிற்க முடியாது என்று நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் அழைத்துப் போய் அதைக் காட்டிப் பெருமைப்பட்டவன் நான். என் முறை வரும்போது நழுவ முடியாது.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 5 லட்சத்தை ஒரு லார்ஜ் கேப் மியூச்சுவல் ஃபண்டில் போட்டேன். வங்கியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கே வந்து படிவம் நிரப்பினான். (யார் என்று கமெண்ட்டில் கேட்காதீர்கள். நல்ல பையன். அவனுக்கும் தலைக்கு மேல் டார்கெட் இருக்கிறது.) "இண்டெக்ஸ் ஃபண்டுன்னா கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் வாங்குறது சார். இதுல நிபுணர்கள் உட்கார்ந்து நல்ல பங்கா பொறுக்கி எடுப்பாங்க" என்றான். இண்டெக்ஸ் ஃபண்டுக்குச் செலவு வருஷத்துக்கு 0.2 விழுக்காடு. இதற்கு 1.9. பொறுக்கி எடுக்கிற கூலி என்று நினைத்துக்கொண்டேன். உங்களையும் போடச் சொன்னேன்.

போன மாதம் பேத்தி லேப்டாப்பில் எதையோ பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க ஃபண்டுல இருக்கற முதல் பத்து கம்பெனியும் இண்டெக்ஸ்ல இருக்கற முதல் பத்தும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கே?" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், காப்பி அடித்த விடைத்தாளை நான் எப்படிப் பிடிப்பேன் என்று. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பேன். ஃபண்டுக்கும் அதே முறை உண்டு. அதன் பெயர் ஆக்டிவ் ஷேர். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த கிரெமர்ஸ், பெடாயிஸ்டோ என்ற இருவர் 2009இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இதைச் சொன்னார்கள். கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

இண்டெக்ஸில் மூன்றே பங்குகள் என்று வைத்துக்கொள்வோம்: அ 50, ஆ 30, இ 20 விழுக்காடு. ஃபண்டில் அ 40, ஆ 30, இ 10, இண்டெக்ஸில் இல்லாத ஈ 20. ஒவ்வொரு பங்குக்கும் இரண்டில் சிறிய எண்ணை மட்டும் எடுங்கள். 40, 30, 10, 0. கூட்டினால் 80. அவ்வளவும் ஒத்துப்போகிறது. மீதி 20தான் ஆக்டிவ் ஷேர். அச்சு அசலாக இண்டெக்ஸையே வைத்திருந்தால் 0, ஒரு பங்குகூட ஒத்துப்போகாவிட்டால் 100.

என் ஃபண்டின் பெஞ்ச்மார்க் நிஃப்டி 100. ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் தன்னிடம் என்னென்ன பங்கு எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற முழுப் பட்டியலை இணையத்தில் போட வேண்டும் என்பது செபி விதி. என் ஃபண்டின் பட்டியல் ஒன்று, அதே மாதத்துக்கு ஒரு நிஃப்டி 100 இண்டெக்ஸ் ஃபண்டின் பட்டியல் ஒன்று. இரண்டையும் பேத்தி இறக்கிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரே கூட்டும் என்றாள். நான் நோட்டில் கோடு போட்டுத்தான் செய்தேன், ஒரு மத்தியானம் போயிற்று. ஒத்துப்போனது 68. ஆக்டிவ் ஷேர் 32.

இப்போது கூலியைப் பாருங்கள். 5 லட்சத்துக்கு 1.9 விழுக்காடு என்றால் வருஷத்துக்கு 9,500 ரூபாய். இதற்குப் பில் வராது, யூனிட் மதிப்பிலேயே கழித்துக்கொள்வார்கள். அதில் 3.4 லட்சம் இண்டெக்ஸின் நகல். அதை 0.2க்கு வாங்கியிருந்தால் 680 ரூபாய்தான். ஆக, மீதி 1.6 லட்சத்தைப் பொறுக்கி எடுக்க நான் கொடுத்தது 8,820 ரூபாய். ஐந்தரை விழுக்காடு! அந்த 1.6 லட்சம் இண்டெக்ஸை விட வருஷா வருஷம் ஐந்தரை விழுக்காடு அதிகம் சம்பாதித்தால்தான் எனக்குச் சமன். இந்தக் கணக்கைப் போடாமலே ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறேன், கணக்கு வாத்தியார்!

ஃபண்ட் மேனேஜர் மேல் முழுப் பழியும் போட மாட்டேன். 2017 அக்டோபரில் செபி வகுத்த விதிப்படி லார்ஜ் கேப் ஃபண்ட் தன் பணத்தில் 80 விழுக்காட்டையாவது சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில் வைக்க வேண்டும். கட்டத்துக்குள் ஓடச் சொன்னால் எவ்வளவு விலகி ஓடுவார்? அமெரிக்கக் கணக்கில் 60க்குக் கீழே இருந்தால் மறைமுக இண்டெக்ஸ் என்று சந்தேகப்படுவார்கள். அதே அளவுகோலை இங்கே லார்ஜ் கேப்புக்கு அப்படியே வைப்பது நியாயமில்லை. எண் குறைவாக இருப்பது குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. நகலை அசலின் விலைக்கு விற்றதுதான் என் புகார்.

டிராக்கிங் எரர் என்று இன்னொரு அளவும் உண்டு, ஃபாக்ட்ஷீட்டில் பார்த்திருப்பீர்கள். ஆக்டிவ் ஷேர் கையிருப்பை ஒப்பிடுகிறது, இது வருமானத்தை ஒப்பிடுகிறது. வித்தியாசம் எவ்வளவு என்பதை அல்ல, அந்த வித்தியாசம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை. செங்கல்பட்டு பஸ் தினமும் சரியாகப் பத்து நிமிடம் லேட்டாகவே வந்தால் அதன் டிராக்கிங் எரர் பூஜ்யம். ஒருநாள் முன்னே, ஒருநாள் பின்னே வருகிற பஸ்ஸுக்குத்தான் எரர் அதிகம். அதனால் இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்குகிறவர்களும் இதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இண்டெக்ஸை விட எவ்வளவு பின்தங்கியது என்ற டிராக்கிங் டிஃபரன்ஸையும் சேர்த்துப் பாருங்கள். இண்டெக்ஸ் ஃபண்டின் டிராக்கிங் எரர் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2022 மே மாதம் செபி வரம்பு வைத்தது.

"அப்போ ஆக்டிவ் ஷேர் அதிகமா இருக்கற ஃபண்டை வாங்கலாமா அண்ணா?" என்று தம்பி உடனே போனில் கேட்டான். அப்படி இல்லை. அந்த யேல் கட்டுரை, அதிகம் விலகியவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள் என்றுதான் சொன்னது. 2016இல் ஏ.க்யூ.ஆர். என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, பெஞ்ச்மார்க் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு நிற்கவில்லை என்று எழுதினார்கள். எனக்கு அவர்கள் சொல்வது சரி என்றே படுகிறது. எல்லாக் கேள்விக்கும் தப்பாக எழுதியவன்கூட யாரையும் காப்பி அடிக்காதவன்தானே.

வெளிநாட்டில் இது கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. நார்வேயில் டி.என்.பி. வங்கியின் ஃபண்ட் ஒன்று, தீவிரமாகப் பங்கு தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டு இண்டெக்ஸை ஒட்டியே நடந்தது. நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சுமார் 1,80,000 பேருக்கு ஏறத்தாழ 35 கோடி குரோனர் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஃபண்ட் நஷ்டப்பட்டது என்பதற்காக அல்ல. கூலி வாங்கிய வேலையைச் செய்யவில்லை என்பதற்காக.

நான் வழக்குக்கெல்லாம் போகவில்லை. ஃபாக்ட்ஷீட்டில் அத்தனை எண்கள் அச்சடிக்கிறார்கள், அதோடு ஆக்டிவ் ஷேரையும் மாதாமாதம் அச்சடிக்க வேண்டும் என்கிறேன். பட்டியல் அவர்கள் கையிலேயே இருக்கிறது. எனக்கு ஒரு மத்தியானம் ஆன வேலை அவர்களுக்கு ஒரு நிமிடம்.

என்னைப் பார்த்துப் போட்டவர்கள் அவசரப்பட்டு விற்காதீர்கள். ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும், ரெகுலர் பிளானிலிருந்து டைரக்ட் பிளானுக்கு மாறுவதும் விற்று வாங்குவதுதான். ஒரு வருஷம் ஆகாவிட்டால் லாபத்துக்கு 20 விழுக்காடு வரி, பெரும்பாலும் எக்ஸிட் லோடும் சேரும். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 விழுக்காடு. நான் வருஷா வருஷம் அந்த 1.25 லட்சத்துக்குள் லாபம் வருகிற அளவு விற்று, இண்டெக்ஸ் ஃபண்டுக்கு நகர்த்தப் போகிறேன். உங்கள் ஃபண்ட் வேறாக இருந்தால் அந்தப் பட்டியலைக் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன், நோட்டும் இருக்கிறது.

படிவம் நிரப்பிய அந்த மாணவனுக்கும் இந்தக் கணக்கை அனுப்பினேன். "சார், இதை எங்க டிரெயினிங்ல சொல்லவே இல்ல" என்று எழுதினான். ஞாயிற்றுக்கிழமை அவனும் வருகிறான். ஃபண்ட் நிறுவனத்துக்கும் ஆக்டிவ் ஷேரை அச்சடிக்கச் சொல்லி ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.