‘கொடு, நான் பண்றேன்!’ - ஜோடியாக விளையாட எந்த கேம் சரி?

இரவு 10 மணி. சோபாவின் ஒரு மூலையில் ஒருவர் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறார். மறு மூலையில் இன்னொருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெப் சீரிஸ் பார்க்கிறார். ஒரே வீடு, ஒரே வைஃபை, இரண்டு தனித்தனி உலகம். இருவரும் வேலைக்குப் போகும் பல வீடுகளில் இதுதான் வார நாள் காட்சி. ‘சேர்ந்து ஏதாவது பண்ணலாமே’ என்று தோன்றும்போது, கேம் பழக்கம் உள்ளவர் சொல்வது: “வா, ரெண்டு பேரும் கேம் விளையாடலாம்.”

நல்ல யோசனைதான். ஆனால், பல நேரம் அது அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. ‘அவருக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்ல’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் தவறு பெரும்பாலும் ஆளிடம் இல்லை. தேர்ந்தெடுத்த கேமில் இருக்கிறது.

எங்கே சொதப்புகிறது?

கணினியில் பல கேம்களுக்கு இடது கை விரல்கள் டபிள்யூ, ஏ, எஸ், டி பட்டன்களில் இருக்க வேண்டும், அதுதான் நடை. வலது கையில் மவுஸ், அதுதான் பார்வை. பத்து வருஷமாக விளையாடுகிறவருக்கு இது ஒரு திறமை என்பதே மறந்து போயிருக்கும். புதிதாக உட்காருகிறவரோ வானத்தைப் பார்ப்பார், இல்லையென்றால் சுவரில் முட்டி நிற்பார். “அங்க இல்ல, இந்தப் பக்கம் திரும்பு” என்று ஆரம்பிக்கும் பாடம், “கொடு, நான் பண்றேன்” என்பதில் முடியும். அந்த நொடியிலேயே அது இருவர் ஆட்டம் இல்லை என்றாகிவிடுகிறது.

ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் என்றால் இன்னும் மோசம். முன்பின் தெரியாதவர்களின் அணியில் புதியவர் திணறும்போது, வாய்ஸ் சாட்டில் திட்டு விழும். அதற்குப் பிறகு அவரை மறுபடி உட்கார வைப்பது கஷ்டம்.

ஆகவே, ‘எது சிறந்த கேம்?’ என்ற கேள்வி இங்கே உதவாது. ‘புதியவர் இல்லாமல் எந்த கேம் நகராது?’ என்று தேட வேண்டும்.

மோதலா, கூட்டணியா?

தாயம், லூடோ போன்றவற்றில் பகடை இருக்கிறது. பாட்டியும் பேரனும் சமமாக உட்கார முடிவதற்கு அதுதான் காரணம். நவி மும்பையில் உருவான லூடோ கிங் 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் பரவியதும் இதனால்தான். ஆனால், திறமையை வைத்து மோதும் கணினி கேம்களில் அந்தச் சமநிலை கிடையாது. தினமும் ஒருவரே ஜெயித்தால் மற்றவருக்கு என்ன மிச்சம்? எனவே, புதிய ஜோடிகளுக்கு இருவரும் ஒரே அணியாக ஆடும் ‘கோ-ஆப்’ வகைதான் ஏற்றது.

எதில் தொடங்கலாம்?

முதல் படி, 2015-ல் வெளியான ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’. ஒருவருக்குத் திரையில் வெடிகுண்டு தெரியும்; எப்படி செயலிழக்க வைப்பது என்று தெரியாது. மற்றவர் கையில் கையேடு இருக்கும். திரையைப் பார்க்கக் கூடாது. “எத்தனை வயர் இருக்கு? கடைசி வயர் என்ன கலர்?” என்று பேசிப் பேசித்தான் தீர்க்க முடியும். கையேடு இணையத்தில் இலவசம், கேம் ஒரு பிரதி வாங்கினால் போதும். கையேடு வைத்திருப்பவர் ஒரு பட்டனைக்கூடத் தொட வேண்டாம். பத்து வருஷ அனுபவம் இங்கே பெரிதாக உதவாது.

அமைதியான ஜோடிகளுக்கு ‘ஸ்டார்டியூ வேலி’. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2016-ல் வெளியிட்ட விவசாய கேம். இருவர் சேர்ந்து ஆடும் வசதி 2018-ல் கணினிக்கு வந்தது. ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், இன்னொருவர் மீன் பிடிக்கப் போகலாம். சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

கலகலப்பு வேண்டுமென்றால் ‘ஓவர்குக்டு’. நறுக்க, வேக வைக்க, தட்டில் வைக்க என எல்லாவற்றுக்கும் நேரக் கெடு உண்டு. கத்தல் நிச்சயம் வரும். சிரித்துக் கடந்துவிடுகிற ஜோடிகளுக்குச் சரி.

கொஞ்சம் பழகிய பிறகு ‘இட் டேக்ஸ் டூ’. ஸ்வீடனின் ஹேஸ்லைட் ஸ்டுடியோஸ் உருவாக்கி 2021-ல் வெளியான இது, அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதை வென்றது. விவாகரத்துக்குத் தயாராகும் கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். ஒரு கட்டத்தில் ஒருவரிடம் ஆணி, மற்றவரிடம் சுத்தியல். ஆணி அடிக்காத இடத்தில் சுத்தியலுக்கு வேலை இல்லை. தனியாக ஆடும் வசதியே இதில் கிடையாது. ஆனால், ஓடுவதும் தாவுவதும் அதிகம். இதையே முதல் கேமாக வைத்தால் பழைய சொதப்பல்தான்.

ஆளுக்கொரு ஊரில் இருந்தால்?

ஒருவர் சென்னை, ஒருவர் பெங்களூரு என்றாலும் வழி இருக்கிறது. ‘இட் டேக்ஸ் டூ’வை ஒருவர் வாங்கினால், ‘ஃப்ரெண்ட்ஸ் பாஸ்’ மூலம் மற்றவர் இலவசமாகச் சேரலாம். ஸ்டீம் தளத்தில் 2019 முதல் இருக்கும் ‘ரிமோட் பிளே டுகெதர்’ வசதியில், ஒரே திரையில் ஆடும் கேம்களை இணையம் வழியாகவும் ஆடலாம். இதற்கு கேம் ஓடும் பக்கம் இணைய வேகம் நன்றாக இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால், வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

நேரம் யாரிடம் இருக்கிறது?

கேம் கிடைத்துவிட்டது. ஆட நேரம்? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடங்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்கும்போது “கேம் விளையாட வர்றியா?” என்று கேட்டால், “நீங்க விளையாடுங்க” என்றுதான் பதில் வரும். அதற்குப் பெயர் ஆர்வமின்மை அல்ல, அசதி. ‘ஓவர்குக்டு’விலும் அழுக்குத் தட்டுகள் திரும்பி வரும். யாராவது கழுவினால்தான் அடுத்த ஆர்டர் போகும்.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 2012-ல் 349 தம்பதிகளிடம் நடத்திய ஆய்வு கவனிக்கத்தக்கது. இருவருமே ஆன்லைன் கேம் ஆடும் ஜோடிகளில் 76 சதவீதம் பேர், அது திருமண உறவுக்கு நல்லது செய்ததாகச் சொன்னார்கள். எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்பதைவிட, அதனால் வீட்டில் சண்டை வந்ததா, தூங்கும் நேரம் கெட்டதா என்பதே உறவைப் பாதித்தது.

‘மறுபடியும் ஸ்கிரீன்தானா? உட்கார்ந்து பேசலாமே’ என்பது நியாயமான கேள்வி. நாள் முழுக்க உழைத்த பிறகு, ‘பேசலாம்’ என்று உட்கார்ந்தால் பேச்சு இஎம்ஐ-யிலும் ஆபீஸ் புலம்பலிலும்தான் போய் நிற்கிறது. வாயைத் திறந்தே ஆக வேண்டிய ஒரு கேம், ரீல்ஸ் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவதைவிட மேல்.

வார இறுதியில் ஒரு நாள் போதும். முதலில் இருவரும் சேர்ந்து சிங்க்கைக் காலி செய்ய வேண்டும். பிறகு, கேம் தெரிந்தவர் கையில் கையேடு, தெரியாதவர் கையில் மவுஸ். குண்டு வெடித்தாலும் பரவாயில்லை. “கொடு, நான் பண்றேன்” மட்டும் வாயில் வரக் கூடாது.