நீதிக்கு ஒரு மாதக் கெடுவா?

வீட்டில் ஒருவர் கைதாகிவிட்டால் நம் மக்கள் முதலில் நாடுவது ஊர்ப் பெரியவரை, அடுத்து அரசியல்வாதியை. சட்டத்தரணியிடம் வரும்போது நாட்கள் பல கழிந்துவிடுகின்றன. இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என்கின்றது. அந்நீதிமன்றமோ கொழும்பில் உள்ளது. கொழும்பிலே வாழும் செல்வனுக்கும் வன்னியிலே வாழும் ஏழைக்கும் ஒரே கெடு! இதுவா சமத்துவம்?

ஆயினும், உள்ள வழிகளை நாம் கைவிடலாகாது. சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டவரை மீட்கும் ஆட்கொணர்வு மனுவுக்கு இந்த ஒரு மாதக் கெடு இல்லை, உறவினரே மனுதாரராகலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மட்டுமன்றி, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி, அவர் தடுத்துவைக்கப்பட்டுள்ள மாகாணத்தின் மேல் நீதிமன்றத்திலும் அதனைத் தாக்கல் செய்யலாம். கொண்டுசென்றவர் யார், எந்நாள், எந்நேரம், எவ்விடம், கண்டவர் யார் என்பவற்றை அன்றே எழுதிவையுங்கள். சத்தியக்கடதாசிக்கு அவையே உயிர்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் அம்மாதத்துக்குள் முறையிடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கெடுவிற் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. விசாரணை நடைபெறுவதற்கு எழுத்திலே சான்று பெறுங்கள்.

விழித்திருப்பது மக்கள் கடன். கெடுவை நீடிப்பது பாராளுமன்றத்தின் கடன். நாட்களை எண்ணிக்காட்டி நீதியை மறுப்பதாயின், உரிமைகளை ஏட்டில் எழுதிவைத்து யாது பயன்?