தளபதிக்கு இருந்துச்சு பதுங்கு அறை... சனங்களுக்கு?

பிப்ரவரி 15, சாயங்காலம் 6.20 மணி. வருஷா வருஷம் சிங்கப்பூர் முழுக்க அபாயச் சங்கு ஊதுது. ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்துட்டு நாம வேலையைப் பார்க்கப் போயிடுறோம். 1942-ல் பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்த நாளும் நேரமும் அதுதான்!

சரணடையும் முடிவை எடுத்த இடம் இன்னும் அப்படியே இருக்கு. ஃபோர்ட் கேனிங் ராணுவத் தளத்தில், குன்றுக்குள் சுமார் 9 மீட்டர் ஆழத்தில் கட்டிய 'பேட்டில் பாக்ஸ்'. குண்டு தாங்கும் கான்கிரீட் அறைகள். தளபதி பெர்சிவல் அன்று காலை அதிகாரிகளைக் கூட்டிப் பேசியது இங்கேதான். போருக்கு அப்புறம் மூடிக் கிடந்த இந்த இடம், 1988-ல் வெளிச்சத்துக்கு வந்து, 1997-ல் அருங்காட்சியகமாச்சு.

சரி, மேலே இருந்த சனங்களுக்கு என்ன இருந்துச்சு?

1941 டிசம்பர் 8 விடியற்காலை முதல் குண்டு விழுந்தப்போ, தெரு விளக்குகூட அணைக்கப்படலை. சைனாடவுன், ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் குண்டு விழுந்து 61 பேர் பலி. பொதுமக்களுக்குப் போதுமான பதுங்கு இடமே இல்லை. 'தோண்டினா தண்ணி ஊறும், கொசு வரும்' என்பது அரசு சொன்ன காரணம்.

இந்தச் சாக்கு எடுபடுமா? தியோங் பாரு 78-ஆம் பிளாக்கைப் போய்ப் பாருங்க. தோண்டாமலே, தரைத்தளத்தில் தடிமனான செங்கல் சுவர் வெச்சு, போருக்கு முன்னாலேயே பதுங்கு இடம் கட்டியிருக்காங்க. 1,600 பேர் ஒதுங்கலாம். ஆக, வழி தெரியாம இல்லை. எல்லாருக்கும் கட்டணும்னு நினைக்கலை, அவ்வளவுதான்!

அந்தப் பாடம்தான் இன்னைக்கு நம்ம வீட்டுக்குள்ள நிக்குது. 1997-ல் சட்டம் வந்தது. அதுக்கு அப்புறம் கட்டிய வீவக வீடுகளில் கனத்த இரும்புக் கதவு போட்ட 'பாம் ஷெல்டர்' கட்டாயம். நமக்கு அது அரிசி மூட்டை, பெட்டி, பழைய ஃபேன் வைக்கிற ஸ்டோர் ரூம். வெச்சுக்கலாம், தப்பில்லை. ஆனா கதவைக் கழற்றக் கூடாது, அவசரத்துக்குக் காலி பண்ண முடியணும்.

பழைய பிளாக்கில் இருப்பவங்களுக்கு இந்த அறை கிடையாது. குறிப்பிட்ட எம்ஆர்டி நிலையங்கள், பள்ளிக்கூடங்கள், சமூக மன்றங்களில் பொதுப் பதுங்கு இடம் இருக்கு. உங்க வீட்டுக்குப் பக்கத்துல எதுன்னு இப்பவே விசாரிச்சு வெச்சுக்குங்க. சங்கு ஊதின பிறகு தேடுறதுக்கு நேரம் இருக்காது!