மதிய இடைவேளையில் நூலகம்: சீக்கிரம் சாப்பிட்டவருக்கு மட்டும்தானா?

பல அரசுப் பள்ளிகளில் நூலகம் என்பது ஒரு இரும்பு பீரோ. சாவி ஒரு ஆசிரியரிடம் இருக்கும். அவர் கணக்கோ அறிவியலோ நடத்துபவர். நூலகம் கூடுதல் பொறுப்பு. மதியம் மணி அடித்தால் அவரும் சாப்பிடணும் இல்லையா?

புத்தகம் இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. பள்ளிதோறும் நூலகம் வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் நூலகத்துக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை மானியம் உண்டு. 2022 முதல் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் வருகின்றன. கிடைக்காதது நேரம்தான்.

கடலூர் மாவட்டத்தின் மங்களூர் ஒன்றியம் மாதிரி, கிராமங்கள் சிதறிக் கிடக்கும் பகுதியில் இது இன்னும் சிக்கல். திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்ற கவலையில் இருக்கும் பிள்ளை, மாலையில் நின்று படிக்காது. மிச்சம் இருப்பது மதிய இடைவேளை மட்டுமே.

சரி, மதியம் திறந்துவிட்டால் போதுமா? போதாது. அறையில் இருபது பேர் உட்காரலாம் என்றால், ‘முதலில் வருபவருக்கு முதலிடம்’ என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் டிபன் பாக்ஸ் கொண்டு வருபவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். சத்துணவு வாங்குபவர் தட்டோடு வரிசையில் நின்று, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வருவதற்குள் நாற்காலி நிரம்பியிருக்கும். வீட்டில் ஒரு கதைப் புத்தகம்கூட இல்லாத பிள்ளை பெரும்பாலும் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தது. அதே வரிசை அவர்களை நூலகத்துக்கு வெளியே நிறுத்துவது என்ன நியாயம்?

அனுமதிச் சீட்டு முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வகுப்பாசிரியர் கையில் சீட்டைக் கொடுத்தால், அது ‘நல்லா படிக்கிற’ நாலு பேருக்கே போகும். அதைவிட நாளுக்கு ஒரு வகுப்பு என்று முறை வைக்கலாம். பாதி இடத்தை இடைவேளையின் பின்பாதிக்கு ஒதுக்கிவிட்டால் சத்துணவுப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். பதிவேட்டில் எழுத எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர் போதும். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் வேண்டும். சாம்பார் கையோடு புத்தகத்தைத் தொட்டால் ஆசிரியர் மறுநாளே பூட்டிவிடுவார்!

அவர் பூட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு: இருப்புப் பதிவேடு. புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பிள்ளைகள் எடுத்துப் படிக்கும் புத்தகம் கிழியும், சிலது காணாமலும் போகும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, வாசகர்களே அலமாரியில் கைவைத்துத் தேடும் முறையைக் கொண்டுவந்தார். 1931-ல் வெளியான அவரது ஐந்து விதிகளில், வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும் ஒன்று. மதிய இடைவேளையில் அந்த நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆண்டுக்கு இத்தனை புத்தகம் தொலைந்தால் ஆசிரியரைக் கேட்பதில்லை என்று கல்வித்துறை ஒரு வரியில் எழுதிக் கொடுக்கட்டும். பாதி பீரோக்கள் அன்றைக்கே திறந்துவிடும்.